சேர்ந்து வாங்கிய கேபினில் நண்பர் தன் பங்கைத் தம் மகனுக்கு எழுதிவிட்டால், அவருக்குப் பின் வீடு யாருக்கு?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் வட பகுதியில், ஏரிக்கரையில் ஒரு கேபினை நீங்களும் நண்பரும் சேர்ந்து வாங்கியிருக்கிறீர்கள். உங்களிடம் சொல்லாமலேயே அவர் தம் பங்கை மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் காலத்துக்குப் பின் வீடு முழுவதும் உங்களுக்கு வருமா என்று கேட்கிறீர்கள். இதே மாநிலத்தில் சொத்துப் பத்திரங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவன் நான். வாங்கியபோது எழுதிய பத்திரத்தில் உங்கள் இருவர் பெயர்களை அடுத்து என்ன சொற்கள் இருக்கின்றன என்று பார்க்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

வெறும் பெயர்கள் மட்டும் இருந்தால், மிச்சிகன் சட்டம் உங்களைத் தனித்தனிப் பங்குதாரர்களாகவே கருதும். அவர் பங்கு இப்போது மகனுடையது, உங்கள் பங்கு உங்கள் வாரிசுகளுக்குப் போகும். ‘ஜாயின்ட் டெனன்ட்ஸ்’ (கூட்டுரிமையாளர்கள்) என்று மட்டும் எழுதியிருந்தால், இருவரில் பிழைத்திருப்பவருக்கே முழு வீடும் என்ற உரிமை இருந்திருக்கும். ஆனால் ஒருவர் தம் பங்கை வேறொருவருக்கு எழுதிய அன்றே அந்த உரிமை முறிந்துவிடும். ‘வித் ஃபுல் ரைட்ஸ் ஆஃப் சர்வைவர்ஷிப்’ (பிழைத்திருப்பவருக்கே முழு உரிமை) என்ற சொற்களும் சேர்ந்திருந்தால்தான் நிலைமை முற்றிலும் மாறுகிறது.

இதைத் தெளிவாக்கியது, மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்த ‘ஆல்ப்ரோ எதிர் ஆலன்’ வழக்கு. இந்தச் சொற்களோடு ஒரு சொத்தை வைத்திருந்த இரு பெண்களில் ஒருவர் தம் உரிமையை வெளியாள் ஒருவருக்கு விற்க முற்பட, மற்றவர் தடை கோரி நீதிமன்றம் சென்றார். இருவரும் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை ஒன்று, பிழைத்திருப்பவருக்கு முழுச் சொத்தும் சேரும் உரிமை மற்றொன்று என்று நீதிமன்றம் இரண்டையும் பிரித்துப் பார்த்தது. முதலாவதை ஒருவர் விற்கலாம், அதற்குப் பாகப்பிரிவினையும் கேட்கலாம். ஆனால் மற்றவருக்கு உள்ள இரண்டாவது உரிமையை ஒருவர் தனியாக எதைச் செய்தும் அழிக்க முடியாது என்பதே தீர்ப்பு. ஆகவே உங்கள் பத்திரத்தில் அந்தச் சொற்கள் இருந்து, நண்பர் உங்களுக்கு முன் காலமானால், மகன் கையில் உள்ள பத்திரத்துக்கு அதற்குமேல் பலன் இல்லை. வீடு முழுவதும் உங்களுடையது. நீங்கள் முந்தினால், உங்கள் பிள்ளைகளுக்கு அதில் எதுவும் கிடைக்காது. நீங்கள் உயில் எழுதி வைத்திருந்தாலும் அது இந்த வீட்டைக் கட்டுப்படுத்தாது.

ஊரில் அப்பா பெயரில் உள்ள பங்கு பிள்ளைகளுக்குத்தான் என்று பார்த்துப் பழகிய நமக்கு இது கொடுமையாகத் தோன்றும். அதிகப் பணம் போட்டவர் முதலில் இறந்துவிட்டால் அவர் குடும்பம் வெறுங்கையோடு நிற்பதை எண்ணி எனக்கும் வருத்தம் உண்டு. இருந்தும் இந்த விதியையே நான் ஆதரிக்கிறேன். கலிபோர்னியாவில் 1980-இல் வந்த ‘ரிடில் எதிர் ஹார்மன்’ வழக்கில், மனைவி ஒருவர் தம் பங்கைத் தமக்கே எழுதிக்கொண்டு கூட்டுரிமையை முறித்தார். சில வாரங்களில் அவர் இறந்துபோனார். அது செல்லும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஒருவருக்குத் தெரியாமலே அவருடைய உரிமை போய்விடக்கூடும் என்பதால், அப்படிப்பட்ட பத்திரங்களைப் பொதுவாக இறப்பதற்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும் என்று பிறகு அங்கே சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. முதுமையில் அந்த ஒரு வீட்டை நம்பியிருப்பவருக்கு மிச்சிகனின் முறைதான் பாதுகாப்பு.

எனவே முதலில் கேபின் இருக்கும் கவுன்ட்டியின் (மாவட்டம் போன்ற பகுதி) பத்திரப் பதிவு அலுவலகத்தில் மூலப் பத்திரத்தின் நகலை வாங்குங்கள். கடன் பத்திரத்திலோ வரி ரசீதிலோ உள்ள பெயர்களை நம்ப வேண்டாம். அந்தச் சொற்கள் இருந்தாலும், நண்பர் இருக்கும்வரை அவர் இடத்தில் மகன் வந்து தங்குவதை உங்களால் தடுக்க முடியாது. அந்த அனுபவ உரிமைக்கு மகன் பாகப்பிரிவினை வழக்கும் போடலாம்; நண்பரின் ஆயுளோடு முடியக்கூடிய உரிமைக்கு நல்ல விலை கிடைப்பது கடினம் என்பதால், சமரசத்துக்கு அவரும் இணங்க வாய்ப்புண்டு. பங்குகளைச் சமமாகப் பிரித்துக்கொள்வதுதான் உங்கள் இரு குடும்பங்களுக்கும் நியாயம் என்று பட்டால், நீங்கள், நண்பர், மகன் மூவரும் கையெழுத்திட்டுப் புதிய பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். அதை நண்பர் நலமாக இருக்கும்போதே, சொத்துச் சட்டம் அறிந்த உள்ளூர் வழக்கறிஞரை வைத்துச் செய்துவிடுங்கள்.