கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கேள்விகள் டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வகை ஆட்டோமேட்டிக் கார்களைப் பற்றியவை. ஏஎம்டி, சிவிடி என்ற வேறு வகை ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் ஆயில் பற்றிய பதில்களை அப்படியே பின்பற்ற வேண்டாம். அவற்றின் உள்ளமைப்பு வேறு, ஊற்றும் ஆயிலும் வேறு.

கேள்வி: என்னுடைய 6 கியர் ஆட்டோமேட்டிக் செடான் 90,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 60–70 கி.மீ. வேகத்தில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துப் போகும்போது, வரிவரியான வேகத்தடை மேல் ஏறியதுபோல் ஓரிரு விநாடி அதிர்கிறது. கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். கியர் ஆயில் இதுவரை மாற்றியதில்லை.

பதில்: இப்போதைக்கு இறக்க விடாதீர்கள். நீங்கள் சொல்வது பெரும்பாலும் லாக்கப் கிளட்ச் அதிர்வு. டார்க் கன்வெர்ட்டர் இன்ஜின் விசையை ஆயில் வழியாகத்தான் கடத்துகிறது. அதில் கொஞ்சம் விசை வீணாகும். அதைத் தவிர்க்க, சீரான வேகம் வந்ததும் உள்ளே இருக்கும் லாக்கப் கிளட்ச் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பிணைக்கும். பழைய ஆயிலில் உராய்வைச் சீராக வைக்கும் வேதிப்பொருள் தேய்ந்துபோயிருக்கும். அப்போது கிளட்ச் வழுக்காமலும் முழுக்கப் பிடிக்காமலும் பிடித்துப் பிடித்து விடும். அதுதான் அதிர்வு.

இன்ஜின் மிஸ்ஃபயரும் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவது) ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. முன்னும் பின்னும் வண்டியில்லாத நேர்சாலையில், அதிர்வு தொடங்கியதும் ஆக்சிலேட்டரை அசைக்காமல், பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் இடது காலால் பிரேக்கைத் தொடுங்கள். பிரேக் சுவிட்சிலிருந்து சிக்னல் போனதும் லாக்கப் விடுபடும். அதிர்வு சட்டென்று நின்று, இன்ஜின் சுழற்சியைக் காட்டும் ஆர்பிஎம் முள் சற்று மேலே ஏறினால் கன்வெர்ட்டர் பக்கம்தான் கோளாறு. அதிர்வு தொடர்ந்தால் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், இன்ஜின் மவுண்ட் ஆகியவற்றைப் பாருங்கள். சில புதிய கார்களில் பிரேக்கைத் தொட்டதுமே இன்ஜின் விசை குறைந்துவிடும். அவற்றில் இந்தச் சோதனை செல்லாது, காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் லாக்கப் நிலையைப் பார்த்தபடிதான் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

லாக்கப்தான் என்று தெரிந்தால், அடுத்து ஆயில். ஆயிலை வடிக்கும் டிரெய்ன் போல்ட்டைக் கழற்றினால் மொத்த ஆயிலில் ஏறக்குறைய பாதிதான் வரும். மீதி கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். அதனால் ஒருமுறை மாற்றிவிட்டு "குணமாகவில்லை" என்று முடிவுகட்டக் கூடாது. வந்ததை அளந்து அதே அளவு புதியது ஊற்றி, சில நாள் ஓட்டி, மறுபடி மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் பாதி வெளியேறினால், மூன்று முறையில் எட்டில் ஏழு பங்கு புதிதாகிவிடும். கையேட்டில் சொன்ன வகை ஆயில் மட்டும்தான். "எல்லாம் ஒன்றுதான்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கியர்பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் பேனைக் கழற்றினால் அதிலுள்ள காந்தத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மைபோல் ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். விரலில் நெருடும் உலோகச் சில்லு இருந்தால் உள்ளே உலோகப் பாகங்கள் சேதமாகியிருக்கலாம்; ஆயில் கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கலாம். அந்த நிலையில் புது ஆயில் காப்பாற்றாது, இறக்கத்தான் வேண்டும்.

கேள்வி: காலையில் முதல் முறை D போட்டால் இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் வண்டி நகர்கிறது. பிறகு சரியாகிவிடுகிறது.

பதில்: முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். சமதரையில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கையேட்டில் குறித்த சூட்டில் பார்க்க வேண்டும். குளிர்ந்த ஆயிலில் பார்த்தால் அளவு குறைவாகத் தெரியும். பல கார்களில் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) கிடையாது, அடியில் உள்ள செக் பிளக்கைத் திறந்துதான் பார்க்க முடியும். பிறகு, காலையில் N-லிருந்து D, N-லிருந்து R என இரண்டையும் கடிகாரம் வைத்து அளந்துகொள்ளுங்கள். இரண்டிலும் தாமதமென்றால் ஆயில் குறைவு, ஃபில்டர் அடைப்பு, பம்ப் ஆகியவற்றில் ஒன்று. D-யில் மட்டும் தாமதமென்றால் முன்னோக்கு கிளட்ச்சின் ரப்பர் சீல் இறுகியிருக்கலாம். காத்திருக்கும்போது ஆக்சிலேட்டரை மட்டும் மிதிக்காதீர்கள். கிளட்ச் திடீரென்று பிடிக்கும்போது வரும் அந்த இடிதான் தட்டுகளைத் தின்கிறது.

கேள்வி: செக் லைட் எரிகிறது. ஸ்கேனரில் பி0700 என்ற கோளாறு எண் வந்தது. கியர்பாக்ஸ் போய்விட்டதா?

பதில்: இல்லை. "கியர்பாக்ஸ் கணினியில் ஒரு கோளாறு பதிவாகியிருக்கிறது, போய்ப் பார்" என்று இன்ஜின் கணினி தட்டும் மணி அது. கியர்பாக்ஸ் கணினியையும் படிக்கும் ஸ்கேனரால் உள்ளே இருக்கும் உண்மையான கோளாறு எண்ணைப் படியுங்கள்: பி0741 லாக்கப் பிடிக்காததைச் சொல்லும், பி0715 உள்ளீட்டு வேக சென்சார் சுற்று. குறித்துக்கொள்ளாமல் எதையும் அழிக்க விடாதீர்கள். பேட்டரியையும் சோதியுங்கள்; மின்னழுத்தம் குறைந்தாலே பொய்யான கோளாறு எண்கள் வரும்.

கேள்வி: லீவர் P-யிலிருந்து அசையவே மாட்டேன் என்கிறது.

பதில்: பிரேக் மிதித்த சிக்னல் வந்தால்தான் லீவர் P-யிலிருந்து விடுபடும். பிரேக்கை மிதித்து, பின்னால் விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியாவிட்டால் பெடலுக்கு மேலுள்ள பிரேக் சுவிட்ச் அல்லது ஃபியூஸ். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. அவசரத்துக்கு, லீவர் பக்கத்தில் சிறு மூடிக்கடியில் இருக்கும் லாக் ரிலீஸை அழுத்தி நகர்த்தலாம். ஆனால் விளக்கு எரியாமல் சாலையில் ஓட்டாதீர்கள். பின்னால் வருபவருக்கு நீங்கள் நிறுத்துவது தெரியாது.