பவுன் விலை ஏறியதால் கிடைத்த காசு

கேள்வி: யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். பாவித்த வீட்டுச் சாமான்களை வாங்கி, திருத்தி, முகநூல் மார்க்கெட்பிளேசிலும் இக்மன் விளம்பரத் தளத்திலும் போட்டு விற்கிறேன். இரண்டு வருடமாகிறது. மாதம் ஆறு சாமான் போகும், ஒன்றில் 5,000 ரூபா நிற்கும். வீட்டுச் செலவுக்கு மாதம் 20,000 எடுப்பேன். முதலுக்காக என் மூன்று பவுன் சங்கிலியையும் மகளின் இரண்டு பவுன் காப்புகளையும் வங்கியில் அடைவு வைத்து 3,50,000 எடுத்தேன். வட்டி 18 வீதம். போன வருடம் பவுன் விலை ஏறியிருந்ததால், திருப்பி வைத்தபோது 6 இலட்சம் தந்தார்கள். அதில் 1,20,000 ரூபாவை கணவரின் தம்பி கட்டார் போவதற்கு வாங்கினார். அடுத்த மாதம் தவணை முடிகிறது. இந்த முறையும் கூட்டி வைத்து இன்னும் 50,000 தரச் சொல்கிறார். விறாந்தையில் 1,80,000 ரூபாச் சாமான் தேங்கிக் கிடக்கிறது, கையில் 40,000 இருக்கிறது. இன்னும் வேகமாக விற்க என்ன வழி? தவணை முறையில் புதுப் போன் எடுத்து, பெட்டி பிரிக்காமல் விற்றால் கைக்காசு கிடைக்கும் என்கிறாள் தோழி. செய்யலாமா?

பதில்: வெளிச்சத்தில் படம் எடுங்கள், ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள் என்றெல்லாம் உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. இரண்டு வருடம் விற்றவருக்கு அது தெரியும். எனக்குப் பயமாக இருப்பது நீங்கள் அடைவைக் கூட்டிக் கூட்டி வைக்கும் பழக்கம்தான்.

போன வருடம் நடந்ததைப் பாருங்கள். முதல் 3,50,000. ஒரு வருட வட்டி 63,000. இரண்டையும் கழித்துக்கொண்டுதான் வங்கி மிச்சம் 1,87,000 ரூபாவைத் தந்தது. பவுன் விலை உங்களுக்குத் தந்த வரவு என்று அதை நினைத்துவிட்டீர்கள். அது முழுவதும் கடன். கட்டாத வட்டி 63,000 ரூபாவும் முதலோடு சேர்ந்து, இப்போது அதற்கும் வட்டி ஓடுகிறது. நகை அதே ஐந்து பவுன்தான், அதை மீட்கக் கட்ட வேண்டிய முதல் மட்டும் 3,50,000 இல் இருந்து 6 இலட்சமாகிவிட்டது.

இனி வியாபாரம். 1,87,000 இல் தம்பிக்குப் போனது போக 67,000. ஆக இரண்டு வருடத்தில் வியாபாரத்துக்குள் போட்டது 4,17,000. இன்று இருப்பது சாமானும் காசுமாக 2,20,000. கிட்டத்தட்ட 2 இலட்சம் எங்கே? மாதம் 30,000 இலாபம் என்கிறீர்கள். ஏற்றி இறக்கப் பட்டா என்கிற சின்ன லொறிக்குச் சாமானுக்கு 2,000 என்று போட்டால் ஆறுக்கு 12,000. திருத்த வேலைக்கு 6,000. மிஞ்சுவது 12,000. நீங்கள் எடுப்பது 20,000. மாதம் 8,000 குறைகிறது, 24 மாதத்துக்கு 1,92,000. மகளின் காப்பில் இருந்துதான் அரிசி வாங்கியிருக்கிறீர்கள், தங்கச்சி. இதற்கு மேல் வட்டி மாதம் 9,000. கையால் கட்டாததால் அது உங்கள் கண்ணில் படவில்லை.

அதனால் தம்பிக்கு 50,000 இல்லை. இதைக் கணவர்தான் அவரிடம் சொல்ல வேண்டும், நீங்கள் சொன்னால் வீட்டில் வேறு கதையாகிவிடும். "முதலைப் பிறகு பார்ப்பம், உனக்குத் தந்த காசுக்கு மாதம் 1,800 வட்டி போகுது, அதை மட்டும் நீ கட்டு" என்று சொல்லட்டும். அந்த 1,800 ரூபாவும் வராவிட்டால், கட்டார் காசு வரும் என்று நம்பி எந்தக் கணக்கும் போடாதீர்கள்.

விறாந்தைச் சாமானுக்கு வருவோம். வெளிநாடு போகிற குடும்பங்களின் வீட்டுச் சாமானை மொத்தமாக எடுப்பவர்கள் எல்லோருக்கும் வரும் வியாதி இது. மேசை, மின்விசிறி, சைக்கிள் இரண்டு நாளில் போய்விடும். ஷோகேசும் பெரிய அலுமாரியும் நிற்கும். ஒரு 45,000 ரூபா ஷோகேஸ் ஏழு மாதம் நின்றால் வட்டி மட்டும் 4,725. மாரியில் தூவானம் பட்டு அடிப்பலகை ஊதும், கறையான் வேறு. யாராவது 38,000 கேட்டால் கொடுத்துவிடுங்கள். வாங்கிய விலையை மறந்துவிட்டு விற்பது கஷ்டம்தான், ஆனால் வாங்க வருபவருக்கு உங்கள் வாங்கிய விலை தேவையில்லை. எல்லாவற்றையும் இப்படித் தள்ளினால் 1,50,000 சேரும் என்று வைத்துக்கொள்கிறேன்.

இனிமேல் கையில் இருக்கும் 40,000 ரூபாவுக்குள் மட்டும் வாங்குங்கள், அதுவும் ஓட்டோவில் ஏறக்கூடிய சாமானாக. பக்கத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் வாடகை அறை எடுக்கும் காலத்தில் மேசை மின்விசிறி, படிக்கிற மேசை, ரைஸ் குக்கர், சைக்கிள் எல்லாம் கேட்ட விலைக்குப் போகும். வாஷிங் மெசினை எடுக்கத்தான் வேண்டுமென்றால், தண்ணீர்க் குழாய் பூட்டும் இடத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் சின்ன வலையைப் பாருங்கள். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீர் அதில் வெள்ளையாகக் கல்லுப் பிடிக்க வைத்திருக்கும். வலை அடைத்திருந்தால் உள்ளேயும் அப்படித்தான், விலையைக் குறையுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். பழைய போன் எடுத்தால் *#06# அடித்து வரும் 15 இலக்கத்தை, ஐஎம்ஈஐ என்று ஆங்கிலத்தில் போட்டு இடைவெளி விட்டு 1909 க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பதில் வரும். அந்தப் பதிலின் படத்தையும் விளம்பரத்தில் போட்டால், வாங்குபவர் அரைவாசிக் கேள்வியைக் கேட்கவே மாட்டார். பெரிய சாமான் என்றால் "ஏற்றுக்கூலி வாங்குபவருடையது" என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

தோழி சொன்ன தவணைப் போன் வேண்டாம். இப்போது எல்லோர் வாயிலும் அதுதான், வட்டியில்லை என்றும் சொல்வார்கள். 90,000 ரூபாப் போனை மூன்று தவணையில் எடுக்கிறீர்கள். முதல் தவணை 30,000 உடனே போகிறது. கடை விலைக்கு உங்களிடம் ஒருவரும் வாங்க மாட்டார்கள், 82,000 கிடைக்கலாம். கையில் நிற்பது 52,000, அடுத்த இரண்டு மாதத்தில் கட்டுவது 60,000. 52,000 ரூபாவை இரண்டு மாதம் வைத்திருக்க 8,000 கொடுக்கிறீர்கள். அதே காசுக்கு அடைவு வட்டி 1,560 தான். அடைவையே நான் குறைக்கச் சொல்லும்போது இதை எப்படிச் செய்யச் சொல்வேன்?

சரி, அடுத்த மாதம் வங்கிக்குப் போகும்போது செய்ய வேண்டியது இதுதான். 1,50,000 இல் வருட வட்டி 1,08,000 ரூபாவை முழுவதுமாகக் கட்டுங்கள். மிச்சம் 42,000 முதலுக்கு. திருப்பி வைக்கும் தொகை 5,58,000. பவுன் ஏறியிருக்கிறது, இன்னும் தரலாம் என்று மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்னொன்று, எல்லா நகையையும் ஒரே பற்றுச்சீட்டில் வைக்காதீர்கள். ஒன்றாக வைத்தால் முழுக் கடனும் அடையும் வரை ஒரு மோதிரம்கூட வெளியே வராது. மூன்று பற்றுச்சீட்டாகப் பிரிக்கக் கேளுங்கள்: சங்கிலிக்கு 4,50,000, காப்பு ஒவ்வொன்றுக்கும் 54,000.

சின்னச் சாமான் மாதம் பத்து, ஒன்றில் 2,500 என்றால் 25,000. ஓட்டோவுக்கும் திருத்தத்துக்கும் 6,000 போக 19,000. வட்டிக்கு 8,400 ரூபாவைத் தனியாக எடுத்து வையுங்கள். வீட்டுக்கு இப்போதைக்கு 5,000. கஷ்டம் என்று தெரியும், கணவரின் உழைப்போடு ஒரு வருடம் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். மிஞ்சுகிற 5,600 ரூபாவை, தம்பியின் 1,800 வந்தால் அதையும் சேர்த்து, முதல் காப்பின் கணக்கில் பகுதி பகுதியாகக் கட்ட முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். தம்பி கட்டினால் எட்டு மாதத்தில், கட்டாவிட்டால் பத்து மாதத்தில் ஒரு காப்பு மகளின் கைக்கு வந்துவிடும்.