கொரில்லா பார்க்க ஆப்பிரிக்கா போக வசதியில்லை. மட்டக்களப்பிலிருந்து போய்வரக்கூடிய மலைக்காட்டில் காட்டுக் குரங்குகளைப் பார்க்க முடியுமா?

உகண்டா, ருவாண்டாப் பக்கம் மலைக்காட்டுக்குள் நடந்துபோய்க் கொரில்லா பார்க்கும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, அப்படி ஓர் இடம் இலங்கையில் உண்டா, அதுவும் மட்டக்களப்பிலிருந்து குடும்பத்தோடு போய்வர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஹோட்டன் சமவெளி. அதோடு போகிற வழியிலேயே ஹக்கல பூங்கா. ஆனால் எல்லாரும் போவதுபோல, சமவெளி விளிம்பில் உலக முடிவு என்று சொல்லும் செங்குத்துப் பள்ளத்தைப் பார்க்க விழுந்தடித்து ஓடினால் குரங்கு கண்ணில் படாது. குரங்குக்காகவே போக வேண்டும்.

கொரில்லாக் கதையை முதலில் முடித்துவிடுவோம். ருவாண்டாவில் ஓர் ஆளுக்கு அனுமதிச் சீட்டு மட்டும் 1,500 அமெரிக்க டொலர். உகண்டாவில் அதில் பாதிக்குச் சற்று மேல். அந்தக் காசுக்குக் கொரில்லாக்களுக்கு முன்னால் நிற்கக் கிடைப்பது ஒரு மணித்தியாலம். ஒரு குழுவில் எட்டுப் பேருக்கு மேல் விடமாட்டார்கள், 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இடமே இல்லை. மலைக் கொரில்லா உலகத்தில் மொத்தம் ஆயிரத்துச் சொச்சம்தான் என்பதால் இந்தக் கெடுபிடி நியாயம்தான். காணொளிகளில் பெரிதாகக் காட்டாத ஒன்றும் இருக்கிறது. விடியவே தடம் பார்ப்பவர்கள் காட்டுக்குள் இறங்கி, கொரில்லாக்கள் முதல்நாள் இரவு படுத்த கூடுகளிலிருந்து தடம் பிடித்து, கூட்டம் எங்கே நிற்கிறது என்று வழிகாட்டிக்குச் சொல்லிவிடுவார்கள். அந்தக் கூட்டங்களும் வருடக்கணக்காக மனிதரோடு பழக்கப்படுத்தப்பட்டவை. நம்மிடம் அந்த ஏற்பாடு எதுவும் இல்லை. காதைத் தீட்டி வைத்துக்கொண்டு நீங்களேதான் தேட வேண்டும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

சரி, நம் குரங்குகளுக்கு வருவோம். கிழக்கில் பிறந்தவர்களுக்குக் குரங்கு புதினமில்லை. கதிர்காமத்துக்கு நடந்து போனவர்கள் உகந்தை தாண்டிக் குமனைக் காட்டுக்குள் சாம்பல் நிற மந்திகளைக் கண்டிருப்பீர்கள். கறுத்த முகம், நீண்ட வால், உச்சியில் கூம்பாக நிற்கும் மயிர். வீட்டு ஓட்டைப் புரட்டிவிட்டு, மாங்காயைப் பாதி கடித்து எறிகிறதே, அது செங்குரங்கு. மலையில் பார்க்கப் போவது இந்த இரண்டும் இல்லாத ஊதாமுக மந்தி. இலங்கையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத இனம். அதில் நான்கு வகை உண்டு. கொழும்புப் பக்கத்துத் தோட்டங்களில் மரம் வெட்ட வெட்ட இடமில்லாமல் அழிந்துகொண்டிருப்பது ஒன்று. மலைநாட்டின் உச்சிக் காடுகளில் இருப்பது இன்னொன்று. குளிருக்கு ஏற்ற அடர்ந்த நீள மயிரோடு இருப்பதால் அதைக் கரடிக் குரங்கு என்பார்கள். இலைகளுக்கிடையில் குந்தியிருக்கும்போது வால் கீழே தொங்குவதைக் காணும்வரை அது குரங்கென்று நம்பமாட்டீர்கள்.

வழி மிகவும் லேசு. செங்கலடிச் சந்தியில் ஏறும் ஏ5 வீதியே மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, வெலிமடை என்று ஏறி நுவரெலியாவுக்குப் போகிறது. அம்பாறை ஆட்கள் உகணை வழியாக வந்து மகா ஓயாவில் சேர்ந்துகொள்ளலாம். லுணுகலைக்கு மேல் வளைவுகளில் வான் வண்டியில் பின்னால் இருக்கும் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள், அதற்கு ஒரு பையும் தேசிக்காயும் எடுத்துக்கொள்ளுங்கள். நுவரெலியாவுக்கு ஆறு மணித்தியாலமாவது பிடிக்கும். ஒரே நாளில் போய்த் திரும்புவது வீண் வேலை. பகலில் போய்ச் சேர்ந்து ஓர் இரவு தங்கத்தான் வேண்டும்.

ஹக்கல பூங்கா அதே ஏ5 வீதியில், நுவரெலியாவுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. மலேரியாவுக்குக் கொயினா மருந்து எடுக்கும் சின்கோனா மரத்தை வளர்க்க வெள்ளைக்காரர் 1861இல் தொடங்கிய தோட்டம் அது. நம் ஆட்கள் ரோசாப்பூவோடு நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பூந்தோட்டத்தை விட்டுவிட்டு மேல்பக்கம் போங்கள். பூங்காவின் முதுகில் ஹக்கல மலையும் அதன் காடும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அது யாரும் நுழைய முடியாத இயற்கை ஒதுக்கிடம். அங்கிருந்து கரடிக் குரங்குகள் பூங்காவின் மேல்விளிம்பு மரங்களுக்கு வந்து போகும். தோட்டத்தில் வேலை செய்பவர்களிடம் கேட்டால் அன்றைக்கு எந்தப் பக்கம் சத்தம் கேட்டது என்று சொல்வார்கள். பிள்ளைகளும் வயதானவர்களும் இருந்தால் ஹோட்டன் சமவெளியைவிட இதுதான் நல்ல இடம் என்பேன். ஆட்களைக் கண்டு பழகியதால் அவை உடனே ஓடுவதில்லை, நடையும் குறைவு.

பக்கத்தில் சீதா எலிய சீதை அம்மன் கோயிலுக்கும் எப்படியும் போவீர்கள். அங்கே திரிபவை செங்குரங்குகள். அர்ச்சனைத் தட்டில் வாழைப்பழம் பத்திரம்.

இனி ஹோட்டன் சமவெளி. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல். 1988இல் தேசியப் பூங்காவானது, 2010இல் நக்கிள்ஸ், சிவனொளிபாதமலைக் காடுகளோடு சேர்த்து உலக மரபுரிமை ஆனது. பெயரில்தான் சமவெளி. புல்வெளி நடுவில் கிடக்கிறது, அதைச் சுற்றி முகில் மூடிய மழைக்காடு. மரங்கள் உயரமில்லை, காற்றில் வளைந்து குடை பிடித்த மாதிரி நிற்கும், தண்டு முழுக்கப் பாசி. மழை பெய்யாத நாளிலும் முகிலிலிருந்து நீரைப் பிடித்துச் சொட்டிக்கொண்டே இருக்கும். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இங்கிருந்து நீர் போகிறது. மகாவலியின் கிளை ஓடும் வெருகலில் நாம் குளிக்கும் தண்ணீரிலும் இந்தப் பாசியின் பங்கு கொஞ்சம் இருக்கிறது.

பூங்காவுக்கு இரண்டு வாசல். நுவரெலியாவிலிருந்து வந்தால் பட்டிப்பொலப் பக்கம், வெலிமடை, அப்புத்தளைப் பக்கமிருந்து வந்தால் ஒஹியப் பக்கம். காலை 6 மணிக்கு வாசலில் நில்லுங்கள். வான் வண்டிகளெல்லாம் வரிசையாக உலக முடிவுக்குப் பறக்கும். ஒன்பது பத்து மணிக்கு முகில் மூடிவிட்டால் அந்தப் பள்ளம் தெரியாது என்ற பயம் அவர்களுக்கு. உங்களுக்கு அந்த அவசரம் இல்லை. கரடிக் குரங்கு புல்வெளிக்கு இறங்காது. காட்டோரத்து மரங்களின் உச்சியில் இருக்கும். அதனால் வாகனத் தரிப்பிடத்துக்குப் போகும் வீதியில் இரண்டு பக்கமும் காடு வரும் இடங்களில் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள், கண்ணாடியைத் திறந்து வையுங்கள், பாட்டை நிறுத்துங்கள். மச்சான்மார் வான் ஓட்டினால் இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் சண்டை வரும்.

பார்ப்பதற்கு முன் கேட்பீர்கள். விடியற்காலையில் ஆண் குரங்கு ஒன்று தொண்டையைக் கரகரத்துக்கொண்டு குரைக்கத் தொடங்கும். ஓர் உறுமல், அதை அடுத்து அடுக்கடுக்காகக் குரைப்பு. அது முடிய அடுத்த மேட்டிலிருந்து இன்னொன்று பதில் கொடுக்கும். முதல் தடவை கேட்பவர்கள் புலி என்று சொல்லி வானுக்குள் ஏறுவார்கள். ஹோட்டன் சமவெளியில் சிறுத்தை இருப்பது உண்மைதான், ஆனால் இந்தச் சத்தம் சிறுத்தையல்ல. இது எங்கள் இடம், இந்தப் பக்கம் வராதே என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லும் எல்லைப் பேச்சு. சத்தம் வந்த பக்கம் பார்த்து அசையாமல் பத்து நிமிடம் நின்றால் எங்காவது ஒரு கிளை ஆடும். அந்தக் கிளையிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். ஒன்று தெரிந்தால் மற்றவை பின்னால் இருக்கும். பெரும்பாலும் ஓர் ஆண், சில பெண்கள், குட்டிகள். கபில நிற உடம்பு, பெயரில் ஊதா என்றாலும் கறுத்துத் தெரியும் முகம், கன்னத்தில் வெளுத்த மீசைமயிர்.

கண்டபின் என்ன நடக்கும் என்றால், பெரும்பாலும் ஒன்றுமே நடக்காது. இலையைப் பறித்துத் தின்னும், அப்புறம் சும்மா இருக்கும். அது சோம்பல் இல்லை. இலையில் சத்துக் குறைவு, அதை அறை அறையாகப் பிரிந்த வயிற்றுக்குள் நுண்ணுயிர்களை வைத்துப் புளிக்கச் செய்துதான் செமிக்க வேண்டும், அதற்கு நேரம் எடுக்கும். செங்குரங்கின் சேட்டையை எதிர்பார்த்துப் போகும் பிள்ளைகளுக்கு இதை முன்னரே சொல்லி வையுங்கள். பெரியவர்களுக்கு ஒரு மலிவான பைனாகுலர் இருந்தால் போதும், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே அரை மணித்தியாலம் போய்விடும். போன் கமராவில் கறுப்புப் புள்ளி ஒன்றுதான் விழும். படத்துக்காகவே போகிறவர்கள் பேசாமல் ஹக்கலையிலேயே நின்றுவிடுங்கள்.

நேரமிருந்தால் மறுகா ஒன்பது கிலோமீற்றர் சுற்றுப் பாதையில் நடக்கலாம். பேக்கர் நீர்வீழ்ச்சிக்குப் போகும் பக்கம் காடு நெருக்கமாக வரும், அங்கேயும் சத்தம் கேட்கும். பாதையை விட்டு இறங்காதீர்கள். முகில் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

பார்க்க முடியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இதே காட்டில் தேவாங்கும் இருக்கிறது. சாண் நீளத்துக்குச் சற்றுக் குறைய, மயிர் அடர்ந்த, கைகால் குட்டையான மலைநாட்டு வகை. 1939க்குப் பிறகு பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாததால் அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தார்கள். லண்டன் விலங்கியல் சங்கமும் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் சேர்ந்து இரவிரவாகத் தேடி, 2010இல் அதன் படத்தை வெளியிட்டார்கள். இரவில்தான் அது நடமாடும், நமக்கோ இருட்டுமுன் வெளியே வர வேண்டும். ஆகவே அதைத் தேடி மரம் மரமாக டோர்ச் அடிக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

சாப்பாடு பற்றி. வாசலில் பையைத் திறந்து பொலித்தீனை எல்லாம் எடுத்துவிடுவார்கள், பிஸ்கற் உறையைக்கூட. லஞ்ச் சீற்றில் கட்டிய சோற்றுப் பார்சலோடு போய் மாட்டாதீர்கள், டப்பாவில் கொண்டுபோங்கள். தரிப்பிடத்தில் மரைகள் பக்கத்திலேயே வந்து நிற்கும், செங்குரங்குகளும் வரும். கச்சானோ பாணோ எதையும் கொடுக்க வேண்டாம். கொடுத்துப் பழக்கிய குரங்கு அடுத்தமுறை கேட்காது, பறிக்கும். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், விசர்நோய்ப் பயம் இருக்கிறது.

குரங்கு பார்க்கப் போகிறேன் என்று ஊரில் சொன்னால் சிரிப்பார்கள், அதற்கும் தயாராக இருங்கள். படுவான்கரையில் இருக்கும் என் மாமி, "காசு கட்டிப் போய்க் குரங்கு பார்க்கிறியா மனே? என்ட சோளன் சேனைக்கு வா, சும்மா காட்டுறன்" என்றார். அவர் கோபம் புரிகிறது. தேங்காய், சோளன், வாழை எதுவும் மிஞ்சுவதில்லை. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை ஐந்து நிமிடம் நாடு முழுக்கத் தோட்டங்களில் நிற்கும் குரங்கு, மயில், அணில் எல்லாவற்றையும் எண்ணச் சொன்னதே அரசாங்கம். அதற்கு முந்தைய மாதம் நாடே இருட்டில் மூழ்கியபோதும் பாணந்துறை உபமின்நிலையத்தில் பாய்ந்த குரங்கின் தலையில்தான் பழி விழுந்தது. ஆனால் தோட்டத்துக்குள் வரும் கூட்டத்தில் முக்கால்வாசி செங்குரங்குதான். எதையும் தின்னும், தரையில் இறங்கும், கன்னத்துப் பையில் அடைத்துக்கொண்டு ஓடும். மலையில் இலை தின்றுகொண்டிருக்கும் கரடிக் குரங்கு அந்தக் கணக்கில் வராது. அதற்குக் காடு போனால் வேறு போக்கிடம் இல்லை. ஹோட்டன் சமவெளியில் மரங்கள் உச்சியிலிருந்து பட்டுப்போய் நிற்பதை நீங்களும் காண்பீர்கள், அது பல வருடங்களாக நடக்கிறது. மாமியிடம் இதைச் சொன்னேன். அவர் சமாதானம் ஆகவில்லை.

காலம் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. நமக்கு வாடைமழை ஓயும் நேரம், அங்கே காலை வெளிச்சமாக இருக்கும். குளிர் கடுமை, சில விடியல்களில் புல்லில் உறைபனி விழும். சுவெற்றர், தொப்பி, காலுறை இல்லாமல் மட்டக்களப்பு உடம்போடு ஏறினால் குரங்கு பார்க்கும் மனசே வராது. ஓகஸ்ட் விடுமுறையில் போனால் காற்றும் தூறலும் முகிலும்தான். நவம்பர், டிசம்பரில் மண்சரிவு எச்சரிக்கை பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

சுவிஸ், கனடாவிலிருந்து வந்த உறவுக்காரரையும் கூட்டிப்போவதென்றால் ஒன்று. வெளிநாட்டுப் பாஸ்போட் வைத்திருப்பவர்களுக்கு நுழைவுக் கட்டணம் நம்முடையதைவிடப் பல மடங்கு. யார் கட்டுவது என்பதைச் செங்கலடியிலேயே பேசி முடித்துவிட்டு ஏறுங்கள், உங்கள் அடையாள அட்டையையும் மறக்காதீர்கள்.