பொங்கலுக்குப் பிறகு ஒரு குதிரையை விற்றுவிடலாமா?

கேள்வி: வணக்கம் சார். ஊட்டி ஏரிப் பக்கம் இரண்டு குதிரை வைத்துச் சவாரி ஓட்டுகிறேன். அப்பா காலத்துத் தொழில். ஏப்ரல், மே சீசனில் ஒரு குதிரைக்கு நாளைக்கு 1,500 ரூபாய் வரை நிற்கும். பொங்கல் லீவு முடிந்தால் சனி, ஞாயிறு மட்டும்தான். இரண்டுக்கும் சேர்த்து வாரத்துக்கு 1,200 ரூபாய் பார்த்தாலே பெரிது. தீனிச் செலவு ஒரு குதிரைக்கு தினம் 250. போன வருடம் அஞ்சு வட்டிக்கு வாங்கிச் சமாளித்தேன். இந்த வருடமும் 40,000 வாங்கலாமா, இல்லை ராணியை விற்றுவிட்டு ஏப்ரலில் வேறு குதிரை பிடிக்கலாமா? வியாபாரி 45,000 தருகிறேன் என்கிறார். சீசன் நேரத்தில் அதே மாதிரிக் குதிரை 70,000க்குக் குறையாது. ராத்திரி அவிழ்த்துவிட்டால் தானே மேய்ந்துகொள்ளும் என்றும் சிலர் சொல்கிறார்கள். மனைவியின் இரண்டு பவுன் சங்கிலி இருக்கிறது, அதைத் தொட மனசு வரவில்லை.

பதில்: ராணியை விற்காதீர்கள். அஞ்சு வட்டிக்கும் போகாதீர்கள். இரண்டுக்கும் உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களே காரணம்.

முதலில் விற்பனை. ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை 90 நாள். ராணிக்குத் தீனி 22,500 ரூபாய். அவள் இல்லாவிட்டால் வாரக்கடைசி வருமானத்திலும் பாதி போய்விடும். 13 வாரத்துக்கு அது 7,800. ஆக, விற்பதால் உங்களுக்கு மிஞ்சுவது 14,700தான். திரும்ப வாங்கும்போது கையை விட்டுப் போவது 25,000. பத்தாயிரத்துக்கு மேல் நஷ்டம். இதில் இன்னொன்றும் இருக்கிறது. வியாபாரி கொடுக்கும் 45,000 ஏப்ரல் வரை பெட்டியில் அப்படியே இருக்காது. பள்ளிக் கட்டணம், மருந்து, ஒரு விசேஷம் என்று கரைந்துவிடும். அப்போது 70,000க்கும் முழுசாகக் கடன் வாங்க வேண்டிவரும். குழந்தைகளை ஏற்றி ஏற்றிப் பழகிய குதிரையை விட்டுவிட்டு, குணம் தெரியாத குதிரையைக் கூட்டத்துக்கு நடுவே நிறுத்துவதில் உள்ள ஆபத்தை நான் பணமாக மாற்றிச் சொல்லவில்லை.

அவிழ்த்துவிடும் யோசனை உங்களுக்கே பிடிக்கவில்லை என்று எழுத்திலேயே தெரிகிறது. குப்பைத் தொட்டியில் பிளாஸ்டிக்கோடு சேர்த்துத் தின்னும், வளைவில் வண்டி மோதும், பிடித்து அடைத்தால் அபராதம் கட்ட வேண்டும். இந்த ஒன்றில் நான் கறாராகவே சொல்கிறேன்: வேண்டாம்.

சரி, எவ்வளவு பணம் தேவை? இரண்டு குதிரைக்கும் 90 நாளுக்கு 45,000. வாரக்கடைசி வருமானம் 15,600 உள்ளே வரும். குறைவது 29,400. குளம்பு, மருந்துக்கு ஒரு 4,000 சேர்த்தால் 33,400. நீங்கள் விட்டுவிட்ட ஒரு வரவு இருக்கிறது: கிறிஸ்துமஸ் முதல் பொங்கல் வரை மூன்று வாரம் ஊட்டியில் கூட்டம் இருக்கும். அந்தப் பணம் பழைய பாக்கிக்குப் போகும் என்று நினைக்கிறேன். அதில் 10,000 ரூபாயைத் தீனிக்கென்று முதலிலேயே எடுத்து வைத்து, பாக்கிக்காரரிடம் மே மாதம் வரை தவணை கேளுங்கள். அப்புறம் நீங்கள் கடனாகத் தேட வேண்டியது சுமார் 25,000. நாற்பதாயிரம் இல்லை.

அஞ்சு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 5 ரூபாய், வருடத்துக்கு 60 சதவீதம். 40,000க்கு மாதம் 2,000. ஐந்து மாதத்தில் 10,000 வட்டி கட்டிய பிறகும் அசல் அப்படியே நிற்கும். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு 38,000தான் கையில் கொடுப்பார்கள், அது உங்களுக்குத் தெரிந்ததுதான். அதே ஐந்து மாதத்துக்கு வங்கியில் 25,000 ரூபாய் நகைக்கடன் வாங்கினால், வருடத்துக்கு 10 சதவீதம் என்று வைத்தாலும் வட்டி ஆயிரத்து சொச்சம்தான் வரும். சங்கிலியைத் தொட மனசு வராதது புரிகிறது. என் வீட்டிலும் அந்தப் பேச்சு வந்திருக்கிறது, அன்று யாரும் சாப்பிடவில்லை. ஆனால் அடகு வைத்தது ஒரு தேதிக்குள் திரும்பிவரும். வட்டிக்காரரிடம் கொடுத்த 10,000 வரவே வராது. மனைவியிடம் இந்தக் கணக்கை அப்படியே காட்டிவிட்டு அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். நகை அவருடையது. அவர் வேண்டாம் என்றால், சிறுதொழிலுக்கான முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 வரை பிணையில்லாமல் கடன் உண்டு. வங்கியில் கேட்டுப் பாருங்கள். கிடைக்க நாளாகலாம் என்பதால் பொங்கலுக்கு முன்பே போங்கள்.

இனி செலவைப் பற்றி. ஒரு நாளைக்கு 250 ரூபாயை 150 ஆக்கலாமா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். எதைக் குறைக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்லக் கூடாது என்பதால், எழுதும் முன் கால்நடை மருத்துவரான நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து பேசினேன்.

குதிரைக்குக் குளிர் தாங்க உதவுவது நார்த்தீனிதான். புல் பெருங்குடலில் நொதிக்கும்போது உண்டாகும் சூடுதான் ராத்திரி முழுக்க அதைக் காப்பாற்றுகிறது. அதனால் பனி கடுமையாக இருக்கும் நாளில் கொள்ளுத் தானியத்தைக் கூட்டாமல் உலர்ந்த புல்லைக் கூட்டுங்கள். எவ்வளவு? ஒரு அளவு நாடாவை எடுத்து, முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். பிறகு தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை நீளம். சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை வரும். சுற்றளவு 155 செ.மீ., நீளம் 145 செ.மீ. என்றால் சுமார் 293 கிலோ. எடையில் 2 சதவீதம் உலர்தீனி என்றால் நாளைக்கு 6 கிலோ. இப்படி எடை போட்டுக் கொடுத்தால் காலில் மிதிபட்டு வீணாவது எவ்வளவு என்று முதல் வாரத்திலேயே கண்ணுக்குத் தெரியும். உங்களுக்குச் சேமிப்பு அங்கேதான் இருக்கிறது.

நெல் வைக்கோல் மலிவு என்று அதை மட்டும் போட்டால் வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. கேத்தி பாலாடா பக்கம் கழித்துப் போடும் கேரட் நல்லதுதான், ஆனால் பெரும்பகுதி தண்ணீர். புல்லுக்குப் பதில் ஆகாது. மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள். ஊட்டி ஈரத்தில் பூஞ்சை பிடித்த தீனி இருமலையும் வயிற்றுவலியையும் கொண்டுவரும்.

தண்ணீரில்தான் பெரிய செலவு ஒளிந்திருக்கிறது. உறைபனி விழுந்த காலையில் வாளித் தண்ணீர் பல்லைக் கூசவைக்கும், குதிரை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தண்ணீர் குறைந்து உலர்தீனி உள்ளே போனால் குடல் அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஒரு ராத்திரி மருத்துவச் செலவு, உங்கள் ஒரு வாரத் தீனியைத் தின்றுவிடும். குதிரையே போய்விடவும் கூடும். ஒரு பாத்திரம் வெந்நீர் கலந்து வெதுவெதுப்பாக வையுங்கள், தீனியில் ஒரு மேசைக்கரண்டி கல் உப்பு போடுங்கள். காலையில் பனி படிந்த புல்லில் மேய விடாதீர்கள். குளிரில் வாடிய புல்லில் சர்க்கரை தேங்கும், அது குளம்பு வீக்கத்தில் கொண்டுபோய் விடலாம்.

உடம்பு உலர்ந்திருந்து, காற்று படாத ஒரு சுவரும் கூரையும் இருந்தால் சாதாரண உறைபனியைக் குதிரை தாங்கிவிடும். நனைந்த முடிதான் எதிரி. அதனால் கம்பளிக்குப் பணம் போடுமுன் கூரை ஒழுகலைப் பாருங்கள். குளிரில் முடி அடர்ந்து நிற்பதால் மெலிவு கண்ணுக்குத் தெரியாது. வாரம் ஒருமுறை விலாவின் மேல் விரல்களை அழுத்தாமல் ஓட்டுங்கள். எலும்பு கையில் லேசாகத் தட்டுப்பட்டால் சரி. வரிசையாகக் குத்தினால் தீனி போதவில்லை.

மார்ச் முதல் வாரம் சீசன் வேலையைத் தொடங்குங்கள். இந்த இடத்தில் காசு பார்க்கக் கூடாது. அரசு கால்நடை மருத்துவமனையில் சாணிப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் மட்டும் பூச்சிமருந்து. தசைவிறைப்பு நோய் (டெட்டனஸ்) தடுப்பூசி. பல் கூர்மையாகியிருந்தால் ராவிவிடுதல். குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும், சும்மா நிற்கும் மாதங்களிலும். மூன்று மாதம் பாதி வேலையில் இருந்த குதிரையை ஏப்ரல் முதல் தேதி பத்து சவாரிக்கு அனுப்பாதீர்கள். நான்கு முதல் ஆறு வாரம் நடையில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மெலிந்த முதுகில் பழைய சேணம் வேறு மாதிரி உட்காரும். வார் உரசும் இடத்தையும் தோள் மேட்டையும் தினமும் தடவிப் பாருங்கள். மே மாதத்தில் ஒரு சேணப்புண்ணால் பத்து நாள் சவாரி நின்றால் 15,000 ரூபாய் போச்சு. அதைத் தடுக்கச் சேணத்துக்குக் கீழே ஒரு நல்ல விரிப்பு போதும்.

ஏற்றும் பாரமும் கணக்குதான். சேணத்தோடு சேர்த்துக் குதிரையின் எடையில் 20 சதவீதம் வரை என்பது பொதுவான அளவு. 293 கிலோ குதிரைக்கு 58 கிலோ. எண்பது கிலோ ஆளை ஏற்றி வாங்கும் காசு, அடுத்த வாரமே குதிரையின் முதுகில் கடனாக நிற்கும். குழந்தைகளுக்கான சவாரி என்று பலகையில் எழுதிவிடுங்கள்.

காப்பீட்டையும் விசாரியுங்கள். தேசிய கால்நடை இயக்கத்தில் 2024 பிப்ரவரியில் செய்த மாற்றத்தின்படி, கால்நடைக் காப்பீட்டு பிரீமியத்தில் பயனாளி கட்ட வேண்டியது 15 சதவீதம். குதிரையும் இதில் வரும். இப்போது பதிவு நடக்கிறதா என்று கால்நடைப் பராமரிப்புத் துறை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். அதே திட்டத்தில் குதிரைக்கு 50 சதவீத மானியம் என்று யாராவது சொல்லி முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அது தொழில்முனைவோருக்கான மூலதன மானியம், தீனிக்குக் கிடைக்காது.

அடுத்த பனிக்காலத்துக்கு 36,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல், மே 60 நாளில் தினம் 600. இரண்டு குதிரையும் சேர்த்து 3,000 கொண்டுவரும் நாளில் அது ஐந்தில் ஒரு பங்கு. சவாரி முடிந்து சேணத்தை இறக்கும்போதே அந்த 600 தனி டப்பாவுக்குப் போக வேண்டும், திங்கட்கிழமை காலை வங்கிக்கு. அந்தக் கணக்குக்கு ஏடிஎம் அட்டை வாங்காதீர்கள். சீசன் வருமானத்தில் முதலில் சங்கிலியை மீட்டுவிடுங்கள். தேதி மே 31, அதை இன்றே லாயத்துச் சுவரில் எழுதி வையுங்கள்.