அறிக்கை மாறிவிட்டதாம், பணம் அனுப்பலாமா?

மேலப்பாளையத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “என் மகன் ஷார்ஜாவில் கடை வேலையில் இருக்கிறான். எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் காசாவுக்காக வசூல் நடக்கிறது. ‘ஹமாஸ் 2017லேயே கொள்கையை மாற்றி 1967 எல்லையை ஏற்றுக்கொண்டது, இப்போது அது அரசியல் கட்சிதான், பயப்பட ஒன்றுமில்லை’ என்று வசூலிப்பவர் சொல்கிறார். ஆதாரமாக ஒரு பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார். நான் 2,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பிவிட்டேன். மகனையும் அனுப்பச் சொல்கிறார்கள். அவனுக்கு அங்கே சிக்கல் வருமா?”

வரும். இன்றைக்கே மகனுக்குப் போன் போட்டு, பணம் அனுப்ப வேண்டாம், அந்தப் படத்தை யாருக்கும் ஃபார்வர்ட் செய்யவும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரணத்தை அப்புறம் பேசலாம்.

நீங்கள் எனக்கு அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அது போலி இல்லை. 2017 மே 1 அன்று தோஹாவில் ஹமாஸின் அன்றைய தலைவர் காலித் மிஷால் வெளியிட்ட கொள்கை ஆவணத்தின் 20ஆவது பிரிவுதான். ஆனால் பாதிப் பிரிவு. எருசலேமைத் தலைநகராகக் கொள்வதைப் பற்றியும் 1967 ஜூன் 4 எல்லையை, அதாவது அந்த ஆண்டுப் போருக்கு முன்பிருந்த எல்லையைப் பற்றியும் பேசும் பின்பாதி மட்டும் படத்தில் இருக்கிறது. அதற்கு மேலே உள்ள வரிகளை வெட்டிவிட்டார்கள். பாலஸ்தீன மண்ணில் ஒரு பகுதியையும் விட்டுக்கொடுக்க மாட்டோம், ஆறு முதல் கடல் வரை, அதாவது இஸ்ரேலும் அடங்கிய முழு நிலத்தின் விடுதலை தவிர வேறு எதையும் ஏற்க மாட்டோம் என்பதுதான் அங்கே இருப்பது. அதைச் சொல்லிவிட்டுத்தான், இஸ்ரேலை ஏற்காமலேயே, 1967 எல்லையில் ஒரு நாடு என்பது பாலஸ்தீனர்கள் பொதுவாக ஒத்துக்கொண்ட வழி என்று பின்பாதி சொல்கிறது. ஆயுதப் போராட்டத்தை ஆவணம் கைவிடவில்லை. ஹமாஸின் பழைய 1988 சாசனத்தை ரத்து செய்வதாகவும் எங்கும் அறிவிக்கவில்லை.

ஒரே பிரிவில் ஏன் இப்படி இரண்டு குரல்? ஆயுத இயக்கங்கள் கொள்கையை மாற்றி எழுதும்போது எதிரே இரண்டு கூட்டம் உட்கார்ந்திருக்கும். ஒன்று சொந்தத் தொண்டர்கள். பழைய சொல்லைக் கைவிட்டால் இயக்கம் உடைந்துவிடும். இன்னொன்று வெளிநாட்டு அரசுகள். பழைய சொல்லை விடாவிட்டால் கதவு திறக்காது. முன்பாதி தொண்டர்களுக்கு, பின்பாதி அரசுகளுக்கு. அதே ஆவணத்தில், ஹமாஸ் கிளைத்து வந்த முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தோடு இருந்த உறவைப் பற்றிய பேச்சே இல்லாமல் போனதற்கும் இதுதான் காரணம். எகிப்து 2013இலும் சவூதியும் அமீரகமும் 2014இலும் அந்த இயக்கத்தைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்திருந்தன. அந்த நாடுகளிடம் பேச வேண்டுமென்றால் அந்தப் பெயர் தாளில் இருக்கக் கூடாது.

இந்த அறிக்கைகள் வெறும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. சில நேரம் அதிலிருந்து பெரிய அரசியல் பிறக்கிறது. 1988 டிசம்பரில் ஜெனீவாவில் பாலஸ்தீன விடுதலை இயக்கத் தலைவர் யாசர் அரஃபாத் பயங்கரவாதத்தைக் கைவிடுகிறோம் என்று வெளிப்படையாகச் சொன்ன அன்றே அமெரிக்கா பேச்சுக்கு ஒப்புக்கொண்டது. ஆனால் பயங்கரவாதப் பட்டியல் அந்த வேகத்தில் நகராது. நேபாள மாவோயிஸ்டுகள் 2006இல் சமாதான ஒப்பந்தம் போட்டார்கள், ஆயுதங்களை ஐநா கண்காணிப்பில் கண்டெய்னரில் வைத்துப் பூட்டினார்கள், 2008இல் தேர்தலில் முதலிடம் வந்து அவர்கள் தலைவர் பிரசண்டா பிரதமரும் ஆனார். அமெரிக்கப் பட்டியலிலிருந்து அவர்கள் பெயர் எடுக்கப்பட்டது 2012இல்தான். தேர்தலில் வென்று ஆட்சி நடத்தியவர்களுக்கே அந்த நிலை.

நம் பக்கத்து உதாரணம் இதைவிடக் கசப்பானது. விடுதலைப் புலிகள் 2002 பிப்ரவரியில் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டார்கள். அந்த டிசம்பரில் ஒஸ்லோவில் கூட்டாட்சித் தீர்வைப் பற்றி ஆராய ஒப்புக்கொண்டார்கள். 2003 அக்டோபரில் இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபைக்கான வரைவையும் கொடுத்தார்கள். இவ்வளவுக்கும் பிறகு 2006 மே மாதத்தில்தான் ஐரோப்பிய ஒன்றியம் அவர்களைத் தடைசெய்தது. கொலைகளும் மோதலும் நிற்காதவரை தாளில் எழுதியதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இந்தியாவில் 1992இல் வந்த தடை இன்றும் நீட்டிக்கப்பட்டு வருகிறது.

இனி உங்கள் வசூல்காரர் அடுத்து எடுக்கப்போகும் வாதத்துக்கு வருகிறேன். “இந்தியாவில் ஹமாஸ் தடைசெய்யப்பட்ட இயக்கமே இல்லையே” என்பார். இதை எழுதும் நாள் வரை அது உண்மை. உபா என்கிற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில், தடைசெய்த பயங்கரவாத இயக்கங்களைப் பட்டியலிடும் முதல் அட்டவணையில் புலிகள் பெயர் இருக்கிறது, ஹமாஸ் பெயர் இல்லை. இதைக் கேட்டுத்தான் விவரம் தெரிந்தவர்கள்கூட ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அட்டவணையில் உள்ள இயக்கத்துக்குப் பணம் திரட்டுவது ஒரு குற்றம். அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. 17ஆவது பிரிவு வேறு. பயங்கரவாதச் செயலுக்குப் பயன்படக்கூடும் என்று தெரிந்தே பணம் திரட்டினாலோ கொடுத்தாலோ, அட்டவணையில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது பாயும். செயல் வெளிநாட்டில் நடந்தாலும் பாயும். குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். ஜாமீனுக்கு ஏறி இறங்குவதே பெரிய தண்டனை. “தெரிந்தே” என்ற இடத்தில்தான் வழக்கு நிற்கும், விழும். காசாக் குழந்தைகளுக்கு மருந்து என்று நம்பிக் கொடுத்தவருக்கு அது கேடயம். ஆனால் உங்கள் குழுவில் “ஹமாஸ் இப்போது கட்சிதான், பயமில்லை” என்று படம் போட்டபிறகு, பணம் யாருக்குப் போகிறது என்று தெரியாது என்று எப்படிச் சொல்வீர்கள்? உங்களுக்குத் தைரியம் சொல்ல வந்த அந்தப் படமே உங்களுக்கு எதிரான சாட்சி ஆகிவிடும்.

அமீரகத்தில் இவ்வளவு நுணுக்கம்கூடத் தேவையில்லை. அங்கே உரிமம் இல்லாமல் நன்கொடை கேட்பதே குற்றம். பள்ளிவாசல் கட்டவோ ஊரில் ஒருவருடைய அறுவைச் சிகிச்சைக்கோ கேட்டாலும் குற்றம்தான். சமூக ஊடகத்தில் கேட்டால் அபராதம் லட்சக்கணக்கான திர்ஹம் வரை போகும். உங்கள் மகன் பணமே கொடுக்காமல் செய்தியை மட்டும் தன் அறைக்காரர்களுக்கு அனுப்பினாலும் அவன்தான் கேட்டவன் ஆகிறான்.

வசூல் செய்பவர்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. சபுராளிக் குடும்பங்கள், அதாவது வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் வாழும் குடும்பங்கள் நிறைந்த ஊர்களைத்தான் இவர்கள் குறிவைப்பார்கள்: மேலப்பாளையம், கடையநல்லூர், ஏர்வாடி. உலகத்தில் எங்கே குண்டு விழுந்தாலும் ஒரு வாரத்தில் ஒரு க்யூஆர் கோடு வந்துவிடும். அறக்கட்டளைப் பெயர் இருக்காது, தனிநபர் கணக்கு இருக்கும், நாலு வாரத்தில் கணக்கும் மாறும். கணக்கு கேட்டால் கண்ணீர்க் காட்சி வீடியோ வரும். அந்தப் பணத்தில் ஒரு ரூபாய் ரஃபா எல்லை தாண்டி காசாவுக்குள் போனதற்கு ஒருவரும் எனக்கு ரசீது காட்டியதில்லை. நம் மக்களுடைய நல்ல மனதை வைத்தே நடக்கும் கொள்ளை இது.

அதைத் தடுக்க வேண்டியவர்கள் செய்வது என்ன? வசூல்காரரை விட்டுவிட்டு, பணம் போட்டவர்களுடைய கணக்கை முடக்குகிறார்கள். பாளையங்கோட்டையில் என்னிடம் வந்த ஒருவருடைய சம்பளக் கணக்கே முடங்கியது. வங்கியில் கேட்டால் வேறு மாநிலக் காவல் நிலையத்தைக் கைகாட்டினார்கள், அங்கே போன் எடுக்க ஆளில்லை. மகள் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கினார். எந்த இயக்கத்துக்குத் தடை, எப்படிப் பணம் கொடுத்தால் குற்றம் என்பதைத் தமிழில் ஒரு பக்கம் போட்டு ஊர் ஊராக ஒட்டியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. இந்தியிலும் ஆங்கிலத்திலும் அரசிதழில் போட்டுவிட்டு, தெரியாதா உனக்கு என்று கேட்பது அநியாயம்.

நீங்கள் அனுப்பிய 2,000 ரூபாய்க்காக ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். குழுவிலிருந்து வெளியேறுங்கள். பணம் போன விவரத்தையும் அவர் என்ன சொல்லிக் கேட்டார் என்பதையும் அழிக்காமல் பத்திரமாக வையுங்கள். அழித்தால்தான் சந்தேகம் வரும். காவல்துறையிலிருந்து அழைப்பு வந்தால் போனில் விளக்கம் கொடுக்காமல் வக்கீலோடு நேரில் போங்கள். “கேஸை முடித்துத் தருகிறேன்” என்று தரகர் யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

காசா மக்களுக்குக் கொடுக்க வேண்டும் என்ற உங்கள் எண்ணத்தில் ஒரு தப்பும் இல்லை. ஐநாவின் பாலஸ்தீன அகதிகள் நல அமைப்புக்கோ சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கோ கொடுக்கலாம். உங்கள் வங்கிக் கிளைக்குப் போய் பான் எண் கொடுத்து, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவத்தில் நன்கொடை என்று நோக்கத்தை எழுதி அனுப்புங்கள். கிளையில் இருப்பவருக்கு அந்தப் படிவமே தெரியாமல் இருக்கலாம், மேலாளரைப் பாருங்கள். உங்கள் மகன் அமீரகச் செம்பிறைச் சங்கத்தின் செயலி வழியாக அங்கிருந்தே கொடுக்கலாம். அது உரிமம் பெற்ற அமைப்பு, ரசீதும் வரும்.