நடந்துகொண்டே தேடினால் ஏன் சரியாகக் கிடைப்பதில்லை?

கேள்வி: அம்மாவின் சிகிச்சைக்காகக் குடியாத்தத்திலிருந்து அடிக்கடி வேலூர் வருகிறேன். ஆற்காடு சாலையில் நடந்துகொண்டே மருந்தின் பெயரையோ ரயில் நேரத்தையோ போனில் தேடினால் ஏதேதோ வருகிறது. வீட்டில் உட்கார்ந்து தேடினால் உடனே கிடைத்துவிடுகிறது. போனில் கோளாறா, எனக்கு வயதாகிவிட்டதா? (வாசகி, வயது 52)

பதில்: போனும் நன்றாக இருக்கிறது, நீங்களும் நன்றாகத்தான் இருக்கிறீர்கள் அம்மா. ஆற்காடு சாலையில் நடப்பதே ஒரு முழு வேலை. வழியை அடைத்த தள்ளுவண்டி, முதுகுக்குப் பின்னால் ஆட்டோ ஹாரன், எதிரே சக்கர நாற்காலி, போதாததற்கு உங்கள் பிடியில் அம்மாவின் கை. இவற்றுக்கெல்லாம் போக மிஞ்சும் கவனம்தான் திரைக்குக் கிடைக்கிறது. வெளியிடங்களில் போனில் இணையம் பார்ப்பவர்களின் பார்வையை ஹெல்சிங்கியில் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2005-ல் வெளியாயின. ஆய்வுக்கூடத்தில் 16 நொடிக்கும் மேலாகத் திரையில் நிலைத்த பார்வை, நெரிசலான தெருவில் 4 முதல் 6 நொடிக்குள் அறுந்துபோனது.

பார்வை அப்படி அறுந்து அறுந்து ஓடும்போது குறைவாகத் தட்டச்சு செய்வோம், போன் தானாக நீட்டும் சொல்லைத் தொட்டுவிடுவோம், மேலே முதலில் வந்ததையே விடை என்று எடுத்துக்கொள்வோம். அது விளம்பரமாகக்கூட இருக்கலாம். ரயில் நேரம் தவறினால் அடுத்த வண்டியில் போய்க்கொள்ளலாம். எனக்குக் கவலை மருந்தைப் பற்றித்தான். ஹைட்ராலசின் இரத்த அழுத்தத்துக்கான மருந்து. ஹைட்ராக்சிசின் ஒவ்வாமை அரிப்புக்குத் தருவது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றே. ஆடும் திரையில் கட்டைவிரல் ஒரு வரி தள்ளிப் பட்டால் வேறொரு நோயின் மருந்தைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். பெயர் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் சந்தேகமும் வராது.

ஆகவே ஓரமாக, ஒரு கடையின் நிழலில் நின்றுவிட்டுத் தேடுங்கள். வேலூர் வெயிலில் திரை மங்கித் தெரிவதற்கும் அதுவே மருந்து. எழுதுவதற்குப் பதில் பேசித் தேடலாமே என்று தோன்றும். இரைச்சலில் போன் சொற்களைத் தவறாக வாங்கும் என்பது ஒருபுறம். கண் சாலையில் இருந்தாலும் மனம் பேச்சில் போய்விடும் என்பதுதான் பெரிய சிக்கல். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டிய கோமாளியை, போனில் பேசியபடி அவ்வழியே நடந்தவர்களில் நான்கில் ஒருவர்தான் கவனித்திருந்தார். சாலையைக் கடக்கும்போது போன் பைக்குள் இருக்கட்டும்.

காட்பாடியிலிருந்து குடியாத்தத்துக்கு உள்ள ரயில்களை வீட்டிலேயே பார்த்து, திரையைப் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். வழியில் மாற்றம் தெரிய வேண்டுமானால் 139-க்கு அழைத்துக் கேட்கலாம். மருந்து விஷயத்தில் மட்டும் தேடலே வேண்டாம்: மருந்தகத்தில் சீட்டைக் காட்டி, எது எதற்கு, எப்போது என்று கேட்டு, அட்டையின் மேலேயே தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.