காதில் விழுவதும் கேட்பதும்

வணக்கம் ஐயா,

நான் செவிலியர். ஜெர்மனி வேலைக்காக பி1 என்னும் ஜெர்மன் மொழித் தேர்வு எழுதப்போகிறேன். டியூட்டிக்குப் போகவர பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், ஆறு மாதமாக ஜெர்மன் பாட்காஸ்ட் கேட்கிறேன். வீட்டில் ஆங்கில சப்டைட்டிலோடு வீடியோ பார்க்கிறேன். வகுப்பில் ஆசிரியர் பேசினால் புரிகிறது. மாதிரித் தேர்வின் ஒலிப்பதிவு ஓடினால் ஒரே இரைச்சலாக இருக்கிறது. என்னிடம்தான் குறையா?

ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களிடம் குறையில்லை. ஆறு மாதமாக ஜெர்மன் உங்கள் காதில் விழுந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். தினம் புதிது புதிதாகக் கேட்பதை நிறுத்துங்கள். ஜெர்மனியின் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்ல மெதுவாக வாசிக்கப்படும் செய்திகளை இலவசமாக வெளியிடுகிறது, எழுத்து வடிவத்தோடு. அதில் ஒரே ஒரு செய்தியை எடுங்கள். முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள், பிறகு பார்த்துக்கொண்டு. அப்புறம் வாசிப்பவர் கூடவே வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு வாரம் முழுக்க அதே செய்திதான். சலிக்கும். சலித்த பிறகுதான் சொற்கள் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும்.

ஆங்கில சப்டைட்டிலை இன்றே விடுங்கள். இதில் நான் பிடிவாதக்காரன், காரணம் இருக்கிறது. 'வைல்' (ஏனென்றால்) என்று தொடங்கும் ஜெர்மன் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வரும். 'வைல் இஷ் ஹொய்ட்டெ கைனெ ட்ஸைட் ஹாபெ': எனக்கு இன்று நேரம் இல்லாததால். கடைசிச் சொல்வரை காத்திருந்து பொருள்கொள்வது தமிழ்க் காதுக்குப் பிறவிப் பழக்கம். ஆங்கில வரியோ வினையை முன்னாலேயே சொல்லிவிடுகிறது. கண் முந்திக்கொள்கிறது, காது வேலை செய்வதில்லை. 'ஈஸி ஜெர்மன்' வீடியோக்களில் தெருவில் போகிறவர்கள் பேசுவார்கள்; இரண்டு மொழியிலும் வரிகள் ஓடும். ஆங்கில வரியை ஒரு காகிதத் துண்டால் மறைத்துவிட்டுப் பாருங்கள். 'ஹஸ்ட் டு' (உன்னிடம் இருக்கிறதா) என்று வகுப்பில் படித்தது தெருவில் 'ஹஸ்டெ' ஆவதையும் அங்கேதான் கேட்கலாம்.

எண்களுக்குத் தனியாகப் பத்து நிமிடம் கொடுங்கள். ஜெர்மனில் 54 என்பது 'நான்கும் ஐம்பதும்'. நான் ஜெர்மனி போன முதல் வாரம், 54ஆம் எண் வீட்டுக்குப் போகவேண்டியவன் 45ஆம் எண் வாசலில் மழையில் நின்றேன். எனக்கு நனைந்ததோடு போயிற்று. உங்களுக்கு ரத்த அழுத்தமும் மருந்தளவும் எண்ணாகத்தான் காதுக்கு வரும். கேட்டவுடன் இலக்கத்தில் எழுதிப் பழகுங்கள்.

பி1 தேர்வு நடத்தும் கோதே நிறுவனத்தின் இணையதளத்தில் மாதிரித் தேர்வு ஒலிப்பதிவுகள் இலவசமாக இருக்கின்றன. பி1 தேர்வில் சில பகுதிகள் ஒரே முறைதான் ஒலிக்கும். அவற்றை வீட்டிலும் முதலில் ஒரே முறை கேட்டு விடை எழுதுங்கள். பிறகு வேண்டுமட்டும் திருப்பிக் கேளுங்கள்.

நைட் டியூட்டி முடிந்து வரும் பஸ்ஸில் மட்டும் எதையும் கேட்கவேண்டாம். தூங்குங்கள்.